ஆபீஸ் சர்வரைக் கவனிக்க எதைப் போடுவது?

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் கணக்குப் பிரிவில் இருந்துகொண்டே சர்வரையும் பார்த்துக்கொள்ளும் தம்பி ஒருவர் கேட்டது இது: "அண்ணா, எங்கள் ஆபீஸில் உபுண்டு 22.04 போட்ட ஒரே ஒரு சர்வர். 4 கோர், 8 ஜிபி ரேம், சுழலும் ஹார்ட் டிஸ்க். பில்லிங், ஸ்டாக் எல்லாம் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில், எல்லோரும் பகிரும் ஃபைல்கள் சாம்பாவில். வாரத்தில் இரண்டு நாள் சாயங்காலம் 7 மணிவாக்கில் அப்படியே நின்றுவிடுகிறது. நான் போய்ப் பார்ப்பதற்குள் சரியாகிவிடும், இல்லையென்றால் யாராவது பட்டனை அமுக்கி ரீஸ்டார்ட் செய்துவிடுவார்கள். மானிட்டரிங் டூல் போடு என்கிறார்கள். ஒருவர் ஜாபிக்ஸ் என்கிறார், இன்னொருவர் கிராஃபானா என்கிறார். எதைப் போடுவது, எப்படிப் போடுவது?"

தம்பி, இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம். இன்றைக்கே சர்வரின் நிலவரத்தை நேரத்தோடு எழுதி வைக்கும் சிஸ்ஸ்டாட் போடுங்கள், பத்து நிமிட வேலை. ஞாயிற்றுக்கிழமை, அதைப் படமாகக் காட்டி எச்சரிக்கையும் அனுப்பும் நெட்டேட்டா போடுங்கள். அப்புறம் சர்வருக்கு வெளியே இருந்து அதைக் கவனிக்க ஏதாவது ஒன்று, அது எவ்வளவு சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், மானிட்டரிங் என்று ஒரே வார்த்தையில் சொன்னாலும் அதில் மூன்று வேலை இருக்கிறது. இப்போது என்ன நடக்கிறது என்று பார்ப்பது ஒன்று. நேற்று 7 மணிக்கு என்ன நடந்தது என்று எழுதி வைப்பது இன்னொன்று. கோளாறு என்றால் உங்கள் போனைத் தட்டி எழுப்புவது மூன்றாவது. டாப், எச்டாப் போன்ற கட்டளைகள் எல்லாம் முதல் வேலைக்குத்தான். உங்கள் சிக்கலோ நீங்கள் போய்ப் பார்ப்பதற்குள் ஓடிவிடுகிறது. அதனால் உங்களுக்கு முதலில் வேண்டியது எழுதி வைக்கும் ஆள்.

கட்டளைகளை வாயால் சொல்வதுபோலத் தமிழிலேயே எழுதுகிறேன், தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள். சூடோ ஆப்ட் அப்டேட், அடுத்து சூடோ ஆப்ட் இன்ஸ்டால் சிஸ்ஸ்டாட். இதோடு முடிந்தது என்று நினைத்துத்தான் பாதிப்பேர் ஏமாறுகிறார்கள். உபுண்டு 22.04இல் சிஸ்ஸ்டாட்டை நிறுவினாலும் அது தானாகப் பதிவைத் தொடங்காது. ஈடிசி ஃபோல்டருக்குள் டிஃபால்ட் என்ற ஃபோல்டர், அதில் சிஸ்ஸ்டாட் என்ற ஃபைல். அதைத் திறந்தால் எனேபிள்ட் என்பதற்கு எதிரே ஃபால்ஸ் என்று இருக்கும். அதை ட்ரூ என்று மாற்றிவிட்டு, சூடோ சிஸ்டம்சிடிஎல் எனேபிள் சிஸ்ஸ்டாட் என்று சொல்லி, ரீஸ்டார்ட்டும் செய்யுங்கள். சேவையின் பெயர் ஓடுவதாகக் காட்டினாலும் நம்பாதீர்கள். வார், லாக், சிஸ்ஸ்டாட் என்ற ஃபோல்டருக்குள் அன்றைய தேதியோடு ஒரு ஃபைல் வளர்கிறதா என்று அரைமணி நேரம் கழித்துப் பாருங்கள்.

இயல்பாக அது 10 நிமிடத்துக்கு ஒருமுறைதான் எழுதும், 7 நாள் வைத்திருக்கும். வாரத்தில் இரண்டு நாள் வரும் நோய்க்கு இது போதாது. சிஸ்டம்சிடிஎல் எடிட் சிஸ்ஸ்டாட்-கலெக்ட் டாட் டைமர் என்று கொடுத்து, டைமர் என்ற தலைப்பின்கீழ் ஆன்கேலண்டர் என்ற வரியை முதலில் வெறுமையாக ஒருமுறை எழுதுங்கள். அதற்குக் கீழே மறுபடி ஆன்கேலண்டர் எழுதி, 2 நிமிடத்துக்கு ஒருமுறை என்பதற்கு *:00/02 என்று கொடுங்கள். வெறும் வரி எதற்கு என்று கேட்பீர்கள். அது இல்லாவிட்டால் பழைய 10 நிமிடக் கணக்கும் புதிய கணக்கும் சேர்ந்து ஓடும். ஈடிசிக்குள் சிஸ்ஸ்டாட் என்ற ஃபோல்டரில் இருக்கும் அமைப்பு ஃபைலில் ஹிஸ்டரி என்பதை 28 ஆக்கிவிடுங்கள். இதெல்லாம் டிஸ்கில் பிடிக்கும் இடம் கொஞ்சம்தான்.

அடுத்தமுறை நின்றபோது மறுநாள் காலை டீ குடித்துவிட்டு உட்கார்ந்து கேளுங்கள். கட்டளையின் பெயரே சார். மரியாதையாகக் கேட்டால் எல்லாம் சொல்லும். சார் மைனஸ் க்யூ என்றால் லோடு ஆவரேஜ். சார் மைனஸ் ஆர் என்றால் மெமரி. சார் மைனஸ் டி என்றால் ஒவ்வொரு டிஸ்கின் நிலவரம். சார் மைனஸ் யூ என்றால் சிபியூ. கூடவே மைனஸ் எஸ் போட்டு 18:30:00, மைனஸ் ஈ போட்டு 20:00:00 என்று கொடுத்தால் அந்த நேரத்தை மட்டும் காட்டும். நேற்றையது வேண்டுமென்றால் மைனஸ் எஃப் போட்டு நேற்றைய தேதி ஃபைலைக் கொடுங்கள். யாராவது பட்டனை அமுக்கியிருந்தால் நடுவில் லினக்ஸ் ரீஸ்டார்ட் என்று ஒரு வரி நேரத்தோடு விழுந்திருக்கும். "நான் அமுக்கல சார்" என்று யாரும் சொல்ல முடியாது. இரண்டு நிமிடத்துக்கு ஒரு வரி வரவேண்டிய இடத்தில் பத்து நிமிடம் காலியாக இருந்தால் அதுவும் ஒரு தடயம். எழுதுகிறவனுக்கே மூச்சு முட்டியிருக்கிறது என்று அர்த்தம்.

லோடு ஆவரேஜைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 4 கோர் இருக்கிற மெஷினில் லோடு 18 என்று பார்த்ததும் "சிபியூ போதவில்லை, புது சர்வர் வாங்கணும்" என்று முதலாளியிடம் போய் நிற்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். லினக்ஸில் லோடு என்பது ரேஷன் கடை வரிசை மாதிரி. எடை போடுகிறவர் முன்னால் நிற்பவர்களையும் எண்ணும், குடோனிலிருந்து மூட்டை வரட்டும் என்று திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்களையும் எண்ணும். எடை போடுகிறவர் சிபியூ, குடோன் உங்கள் டிஸ்க். டிஸ்குக்காகக் காத்துக் கிடக்கும் வேலைகளும் கணக்கில் சேர்வதால், சிபியூ சும்மா இருக்கும்போதே லோடு 18 காட்டும். அதனால் லோடு ஏறிய அதே நேரத்தில் சார் மைனஸ் யூவில் ஐயோவெயிட் (டிஸ்குக்காக சிபியூ காத்திருக்கும் நேரம்) என்ற பத்தி ஏறியிருக்கிறதா, சார் மைனஸ் டியில் அவெயிட் (டிஸ்கிடம் கேட்ட ஒரு வேலை முடிய ஆகும் நேரம்) என்ற பத்தி எத்தனை மில்லி செகண்ட் காட்டுகிறது என்று பாருங்கள். சுழலும் டிஸ்கில் பத்து, இருபது என்றால் சாதாரணம். முந்நூறு, ஐந்நூறு என்றால் குடோனில்தான் தகராறு.

பார்க்காமலே சொல்வது தப்புதான், ஆனாலும் என் சந்தேகத்தைச் சொல்கிறேன். சாயங்காலம் 7 மணிக்கு உங்கள் ஆபீஸில் என்ன நடக்கிறது? அன்றைய பில்களை முடித்து ரிப்போர்ட் எடுப்பார்கள். வீட்டுக்குக் கிளம்புமுன் டிசைன் ஃபைல்களை சாம்பாவில் கொட்டுவார்கள். யாரோ ஒரு புண்ணியவான் எப்போதோ டேட்டாபேஸ் பேக்கப்பை 7 மணிக்குப் போட்டுவிட்டுப் போயிருப்பார். 7200 சுற்று ஓடும் சாதாரண ஹார்ட் டிஸ்க், அங்கொன்று இங்கொன்றாகத் தேடி எடுக்கும் வேலையை ஒரு செகண்டுக்கு நூறு தடவை சொச்சம்தான் செய்யும். மூன்று பேர் சேர்ந்து இழுத்தால் படுத்துவிடும். அப்படியென்றால் பேக்கப்பை இரவு 1 மணிக்குத் தள்ளுவதே பாதி மருந்து, எஸ்எஸ்டி மீதி. ஆனால் சார் சொல்வதைக் கேட்காமல் எதையும் வாங்காதீர்கள்.

மெமரியில் ஒரு பயம் எல்லோருக்கும் வரும். ஃப்ரீ என்ற பத்தியில் 200 எம்பிதான் மிச்சம் என்று காட்டும். லினக்ஸ் சும்மா கிடக்கிற ரேமை டிஸ்க் கேஷாக வைத்துக்கொள்ளும், கேட்டால் விட்டுக்கொடுத்துவிடும். நீங்கள் பார்க்க வேண்டியது அவெய்லபிள் என்ற எண். அதுவும் தேய்ந்து, ஸ்வாப்பும் (ரேம் போதாதபோது டிஸ்கில் எடுத்துக்கொள்ளும் இடம்) நிரம்பினால் லினக்ஸின் மையமான கெர்னல் ஓடுகிற ஒரு ப்ராசஸைக் கொல்லும். பெரும்பாலும் அது மைஎஸ்க்யூஎல்லாகத்தான் இருக்கும், வீட்டில் பெரிய ஆள் அதுதானே. இது நடந்ததா என்று பார்க்க ஜர்னல்சிடிஎல் மைனஸ் கே. ரீஸ்டார்ட் ஆகிவிட்டிருந்தால் கூடவே மைனஸ் பி மைனஸ் 1 என்று கொடுங்கள், முந்தைய பூட்டின் பதிவைக் காட்டும். அவுட் ஆஃப் மெமரி என்ற சொல் கிடைத்தால் ஆள் அகப்பட்டான்.

சரி, நெட்டேட்டா. சிஸ்ஸ்டாட் 2 நிமிட சராசரியைச் சொல்லும், 20 செகண்ட் வந்துபோகும் முட்டல் அதில் கரைந்துவிடும். நெட்டேட்டா ஒவ்வொரு செகண்டும் எழுதும், படமாகவும் காட்டும், எச்சரிக்கையும் அனுப்பும். உபுண்டு 22.04இன் களஞ்சியத்திலேயே இருக்கிறது: சூடோ ஆப்ட் இன்ஸ்டால் நெட்டேட்டா. கொஞ்சம் பழைய பதிப்பு, உங்களுக்குப் போதும். புதியதுதான் வேண்டும் என்றால் அவர்கள் தளத்தில் கிக்ஸ்டார்ட் என்ற ஸ்கிரிப்ட் தருகிறார்கள். அதை அப்படியே இணையத்திலிருந்து நேராக ரூட்டாக (முழு அதிகாரத்தோடு) ஓட்டாமல், இறக்கி ஒருமுறை படித்துவிட்டு ஓட்டுங்கள். ஸ்டேபிள் சேனல் என்றும், டெலிமெட்ரி (பயன்பாட்டுத் தகவலை அவர்களுக்கு அனுப்புவது) வேண்டாம் என்றும் சொல்லும் விருப்பங்கள் அதில் உண்டு. இரண்டையும் கொடுங்கள்.

அதன் கதவு 19999 என்ற போர்ட். உபுண்டு பேக்கேஜில் அது சர்வருக்குள்ளிருந்து மட்டுமே திறக்கும்படி 127.0.0.1இல் கட்டப்பட்டிருக்கும். கிக்ஸ்டார்ட் வழியாகப் போட்டால் எல்லாப் பக்கமும் திறந்திருக்கும். நெட்டேட்டா டாட் கான்ஃப் ஃபைலில் பைண்ட் என்ற வரியைப் பார்த்து 127.0.0.1 என்று ஆக்கிவிடுங்கள். வீட்டிலிருந்து பார்க்கலாமே என்று ரவுட்டரில் 19999ஐத் திறந்து விடாதீர்கள். கடவுச்சொல் கேட்காமல் உங்கள் மெஷினில் என்னென்ன ஓடுகிறது என்று ஊருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருக்கும். வீட்டிலிருந்து பார்க்க, பூட்டிய பாதையாக எஸ்எஸ்எச் சுரங்கம் இருக்கிறது. உங்கள் லேப்டாப்பில் எஸ்எஸ்எச், மைனஸ் போட்டுப் பெரிய எல், அப்புறம் 19999, முக்காற்புள்ளி, லோக்கல்ஹோஸ்ட், முக்காற்புள்ளி, 19999, கடைசியில் வழக்கமாக நுழையும் பெயரும் ஐபியும். பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட் 19999 என்று தட்டினால் சர்வரின் நாடி முழுக்கத் தெரியும்.

தெரியும்தான், ஆனால் யார் பார்ப்பது? சில வருடம் முன்பு ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் ஒரு தோல் கம்பெனியில் நெட்டேட்டா போட்டுக் கொடுத்தேன். முதலாளி அறையில் ஒரு டிவியே மாட்டினார்கள், பச்சையும் நீலமுமாக கிராஃப் ஓடிக்கொண்டிருக்கும், வருகிறவர்களுக்குக் காட்டிக் காட்டிப் பெருமைப்பட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை டிஸ்க் நிரம்பி மைஎஸ்க்யூஎல் எழுத முடியாமல் நின்றது. திங்கள் காலை கன்டெய்னர் கிளம்ப வேண்டும், ஏற்றுமதி இன்வாய்ஸ் பிரிண்ட் ஆகவில்லை. டிஸ்கே நிரம்பியதால் நெட்டேட்டாவின் பதிவும் அதே இடத்தில் அறுந்திருந்தது. டிவி மட்டும் பழைய படத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. வேலூரைக் கிண்டல் செய்ய நீரில்லா ஆறு, அரசனில்லா கோட்டை என்று ஒரு பழைய வரிசை சொல்வார்கள். பார்ப்பாரில்லா கிராஃபையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம். காரணம் சின்னது. மைஎஸ்க்யூஎல் 8.0இல் பைனரி லாக் (ஒவ்வொரு மாற்றத்தையும் எழுதி வைக்கும் பதிவு) இயல்பாகவே ஓடும், 30 நாள் வைத்திருக்கும். நான் அந்த நாளைக் குறைக்க மறந்திருந்தேன். பழி என்மேல்தான்.

அன்றிலிருந்து எச்சரிக்கை போனுக்கு வராமல் எந்த டூலையும் போட்டு முடித்ததாகக் கணக்கு வைப்பதில்லை. நெட்டேட்டாவில் டெலிகிராம் வழி சுலபம். டெலிகிராமில் பாட்ஃபாதர் என்ற கணக்கிடம் ஒரு பாட் (தானாகச் செய்தி அனுப்பும் கணக்கு) கேட்டு வாங்குங்கள், அது ஒரு டோக்கன் (ரகசியச் சாவி) தரும். ஹெல்த் அலார்ம் நோட்டிஃபை என்ற அமைப்பு ஃபைலில் டெலிகிராம் பகுதியில் அந்த டோக்கனையும் உங்கள் சாட் எண்ணையும் கொடுங்கள். ப்ளகின்ஸ் ஃபோல்டரில் அலார்ம்-நோட்டிஃபை என்ற ஸ்கிரிப்ட் இருக்கிறது. நெட்டேட்டா பயனராக மாறி அதை டெஸ்ட் என்ற சொல்லோடு ஓட்டினால் எச்சரிக்கை, ஆபத்து, சரியாயிற்று என மூன்று செய்தி போனுக்கு வரும். வராவிட்டால் உங்கள் சாட் எண்ணில் தப்பு இருக்கும், இல்லையென்றால் நீங்கள் அந்த டெலிகிராம் பாட் கணக்குக்கு முதலில் ஒரு ஹாய் அனுப்பாமல் விட்டிருப்பீர்கள்.

எதற்கெல்லாம் போன் அடிக்க வேண்டும் என்பதில் கஞ்சத்தனம் வேண்டும். சிபியூ 90% போனால் எனக்கு எச்சரிக்கை வேண்டாம், வேலை செய்யட்டுமே என்று விட்டுவிடுவேன். டிஸ்க் 80% தாண்டினால் வேண்டும், நெட்டேட்டாவில் இயல்பான எல்லை 90% என்பதால் அதை 80 என்று மாற்றி வையுங்கள். இனோடு (ஒவ்வொரு ஃபைலுக்கும் டிஸ்கில் ஒதுக்கும் பதிவு எண்) தீர்ந்தாலும் வேண்டும். டிஎஃப் மைனஸ் ஐ என்று பாருங்கள், இடம் இருக்கும்போதே ஃபைல் உருவாக்க முடியாமல் போகும் விசித்திரம் அது. கடைசி பேக்கப் ஃபைல் 26 மணி நேரத்துக்கு மேல் பழையதானால் வேண்டும், இதற்கு ஒரு சின்ன ஸ்கிரிப்ட் நீங்களே எழுத வேண்டியிருக்கும். சாதாரணச் சங்கதிக்கெல்லாம் போன் அடித்தால் இரண்டு வாரத்தில் ம்யூட் செய்துவிடுவீர்கள், நானும் செய்திருக்கிறேன்.

நம் ஊருக்கென்று மூன்று சேர்த்துக்கொள்ளுங்கள். முதலாவது சூடு. கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டுவது நமக்குப் புதிதில்லை, சர்வரை வைத்திருப்பதோ மாடிப்படிக்குக் கீழே ஒரு பொந்தில். வெப்பநிலையைப் படிக்கும் எல்எம்-சென்சார்ஸ் பேக்கேஜைப் போட்டு, சென்சார்ஸ்-டிடெக்ட்டை ஓட்டி, அது கேட்பதற்கெல்லாம் என்டர் தட்டுங்கள், கடைசியில் மாட்யூல்ஸ் ஃபைலில் சேர்க்கவா என்று கேட்டால் மட்டும் யெஸ் என்று கொடுங்கள். ஒரு இடத்தில் சனி, ஞாயிறு மட்டும் சர்வர் மந்தமாகிறது என்று மண்டையை உடைத்துக்கொண்டோம். வெப்பநிலை கிராஃபைப் போட்டதும் சனிக்கிழமை சாயங்காலம் 6:30க்குக் கோடு மலை ஏறுவது தெரிந்தது. வாட்ச்மேனைக் கேட்டால், "ஆமா சார், ஏசிய நான்தான் நிறுத்துவேன், கரண்ட் பில்லு ஏறுதுன்னு மொதலாளி சொன்னாரு" என்றார். சூடு தாங்காமல் சிபியூ தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

இரண்டாவது யூபிஎஸ். அதன் பின்னால் யூஎஸ்பி போர்ட் இருந்தால், டப்பாவிலேயே கிடக்கும் அந்த ஒயரைத் தேடி எடுத்து சர்வரில் செருகுங்கள். நட் என்ற பேக்கேஜ் பெரும்பாலான மாடல்களோடு பேசும். கரண்ட் போனால் சொல்லும், பேட்டரி இறங்கினால் டேட்டாபேஸைச் சாத்திவிட்டு மெஷினை ஒழுங்காக அணைக்கும். மூன்றாவது, டிஸ்கின் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட்மான்டூல்ஸ். ஸ்மார்ட்சிடிஎல் மைனஸ் ஏ கொடுத்து டிஸ்கின் பெயரைச் சொன்னால் நீளப் பட்டியல் வரும். அதில் 5 (கெட்டுப்போய் மாற்றி வைத்த இடங்கள்), 197 (படிக்க முடியாமல் நிற்கும் இடங்கள்) ஆகிய இரண்டு எண்ணுள்ள வரிகளைப் பாருங்கள். கடைசிப் பத்தியில் பூஜ்யம் என்றால் நிம்மதி. 197க்கு நேரே எண் ஏறிக்கொண்டே போனால், உங்கள் 7 மணி நோய்க்கு அதுவேகூடக் காரணமாக இருக்கலாம். படிக்க முடியாத இடத்தை டிஸ்க் திரும்பத் திரும்ப முயன்றுகொண்டிருக்கும். அன்றைக்கே புது டிஸ்குக்கு ஆர்டர் போடுங்கள்.

வெளியே இருந்து கவனிப்பது என்று ஆரம்பத்தில் சொன்னேனே, அதற்கு வருகிறேன். செத்துப்போன மெஷின் தான் செத்ததை டெலிகிராமில் சொல்லாது. ஆபீஸ் பிராட்பேண்டில் பெரும்பாலும் உங்களுக்கென்று பொது ஐபி இருக்காது, அதனால் வெளியிலிருந்து தட்டிப் பார்க்கவும் முடியாது. அப்படியானால் திருப்பிப் போடுங்கள்: சர்வர் 5 நிமிடத்துக்கு ஒருமுறை "இருக்கிறேன்" என்று வெளியே குரல் கொடுக்கட்டும், குரல் நின்றால் வெளியில் இருப்பவர் உங்களை எழுப்பட்டும். ஹெல்த்செக்ஸ் என்ற சேவை இதைத்தான் செய்கிறது, சின்ன அளவுக்கு இலவசம். சொந்தமாக வேண்டுமென்றால் இதே வேலை செய்யும் அப்டைம் குமா என்ற மென்பொருளை வீட்டில் ஒரு பழைய லேப்டாப்பிலோ இணையத்தில் மாத வாடகைக்குக் கிடைக்கும் சின்ன சர்வரான விபிஎஸ்ஸிலோ ஓட்டலாம், வெளியிலிருந்து எட்டக்கூடிய முகவரி அதற்கு இருக்க வேண்டும் என்பதால் விபிஎஸ் மேல். நேரம் வைத்து வேலையை ஓட்டும் கிரானில், அந்தக் குரல் கொடுக்கும் கர்ல் கட்டளையை மட்டும் வெறுமனே போடாதீர்கள். முதலில் பில் டேபிளிலிருந்து ஒரு வரியைப் படிக்கச் சொல்லுங்கள், டைம்அவுட் 20 செகண்ட். அது வெற்றியானால் மட்டும் கர்ல். அப்போதுதான் மெஷின் உயிரோடு இருந்து டேட்டாபேஸ் மயங்கிக் கிடக்கும் உங்கள் 7 மணிக் கதையும் பிடிபடும். இணையம் போனாலும் மணி அடிக்கும், அது தொந்தரவுதான், ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

இனி ஜாபிக்ஸ், கிராஃபானா. இரண்டும் நல்ல சரக்கு. ஜாபிக்ஸ் 2001லிருந்து இருக்கிறது, லாட்வியாக்காரர் அலெக்ஸி விளாடிஷெவ் தொடங்கியது. ஆனால் அதற்கு ஒரு சர்வர், ஒரு டேட்டாபேஸ், ஒரு வெப் முகப்பு, கவனிக்கப்படும் ஒவ்வொரு மெஷினிலும் ஒரு ஏஜென்ட் வேண்டும். உங்களிடம் இருப்பதோ ஒரே மெஷின். ஏற்கெனவே மூச்சுத் திணறும் டிஸ்கில் இன்னொரு டேட்டாபேஸை ஏற்றுவீர்களா? கிராஃபானா தானாக எதையும் சேகரிக்காது, படம் மட்டும் போடும். பின்னால் எண்களைச் சேகரித்து வைக்க புரோமிதியஸ் மாதிரி ஒன்று வேண்டும், அதற்கு எண்களைக் கொடுக்க ஒவ்வொரு மெஷினிலும் நோட் எக்ஸ்போர்ட்டர் வேண்டும். ஒற்றை ஆட்டை மேய்க்க நாலு ஆள் எதற்கு? நாளைக்கு வாணியம்பாடி யூனிட்டிலும் சர்வர் வந்து ஐந்தாறு மெஷின் ஆனால் தனியாக ஒரு பெட்டி வைத்து புரோமிதியஸும் கிராஃபானாவும் போடலாம். அப்போது கேளுங்கள், அது தனிக் கதை.

எல்லாம் போட்டதும் சோதித்துப் பார்க்காமல் விடாதீர்கள். பேக்கப் முடிந்த பிறகு, ஆபீஸில் யாரும் இல்லாதபோது, ஃபாலோகேட் மைனஸ் எல் கொடுத்து டிஸ்க் 80%ஐத் தாண்டும் அளவுக்கு ஒரு வெற்று ஃபைலை உருவாக்குங்கள். டேட்டாபேஸும் அதே பார்ட்டிஷன் என்றால் முழுக்க நிரப்பிவிடாதீர்கள். சில நிமிடத்தில் போன் அடிக்க வேண்டும். அடுத்து நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள், பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் வெளிக் காவலிடமிருந்து செய்தி வர வேண்டும். முடிந்ததும் அந்த வெற்று ஃபைலை அழித்துவிடுங்கள். நான் ஒருமுறை அழிக்க மறந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். இரவு முழுக்க அடித்த மணியைச் சோதனையின் மிச்சம் என்று ம்யூட் செய்துவிட்டுத் தூங்கினேன். மூன்றாம் நாள் நிஜமாகவே டிஸ்க் நிரம்பியபோது அந்த 40 ஜிபியை யார் போட்டது என்று ஒரு மணி நேரம் தேடினேன்.